குருசின் தலை

பெயர் வைரவன், தந்தை பெயர் சுப்பையா, வயது 51, சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம், தற்போது ஷார்ஜா தொழிற்பேட்டை கம்பெனி கேம்ப், அறை எண் 14. காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் சாதிக் பாட்ஷா மூலம் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

நான் பத்தொன்பது ஆண்டுகளாக இங்குள்ள சிமென்ட் வார்ப்புப் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். மேலாளர் நிதின் என்னிடம் வேலை கற்றவர். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எனக்கு வர வேண்டியது.

கடந்த மார்ச் மாதம் துபாயில் வசிக்கும் ஆங்கிலேயர் ஒருவர், தம் கிராமத்து நாற்சந்தியில் நிற்கும் அறுநூறு ஆண்டுப் பழைய கற்சிலுவை போல ஒன்று தம் தோட்டத்துக்கு வேண்டுமென்று கேட்டார். நான்கு படி, மேலே எட்டுப்பட்டைத் தூண், அவ்வளவுதான். சிலுவைத் தலையை அந்தக் காலத்து மதச் சண்டையில் உடைத்துவிட்டார்கள் என்றும், அதன் பிறகும் ஊரார் அந்தப் படியில்தான் சந்தை கூடினார்கள் என்றும், உடைந்தபடியே வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. நிதின் அதைப் படிக்காமல் என் மேசையில் போட்டார்.

அதன் பின்பு ஏப்ரல் 9ஆம் தேதி காலை, பட்டறையில் வார்ப்பு அச்சு செய்யும் பிரைட், வயது 41, குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவர், என்னிடம் வந்து, “அண்ணே, தலையில்லாத குருச எப்பிடி அனுப்புறது? எங்க கரையில குருசு ஒடஞ்சா, திரும்பக் கட்டுறவர ஒரு வள்ளமும் கடல்ல எறங்காது” என்றார். கடிதத்தில் இருந்ததை நான் சொல்லவில்லை. தலையோடு போனால் நிதின் அவமானப்படுவார் என்று எண்ணி, “செய்யி, நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அவர் அட்டையில் வரைந்து வந்த படத்தில் கையெழுத்தும் போட்டேன். அதன் பின்பு அவர் நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில், மிஞ்சிய கலவையைக் கொண்டு தலையைச் செய்து தூணில் ஏற்றினார்.

அதன் பின்பு ஆங்கிலேயர் வந்து பார்த்து வாங்க மறுத்தார். நிதின், “யார் செய்யச் சொன்னது?” என்றார். பிரைட் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். “நானாத்தான் செஞ்சேன் சார்” என்றார் பிரைட்.

அதன் பின்பு நிதின் திருட்டு, சேதம் என்று புகார் கொடுத்தார். பிரைட் மூன்று நாளாகக் காவலில் இருக்கிறார். விசா ரத்தாகும் என்கிறார்கள்.

தூணுக்குச் சேதமில்லை. தலை, தூண் உச்சியில் நீட்டிய கம்பியில் செருகித்தான் இருந்தது. நேற்று நானே தூக்கினேன், வந்துவிட்டது. தலையின் அடியில் கம்பி நுழையும் குழிக்குள், நான் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. தலை ஆடாமலிருக்க வைத்தாரா, என் கையெழுத்தை மறைக்க வைத்தாரா, எனக்குத் தெரியாது. அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது யாவும் உண்மை. அட்டையில் உள்ள கையெழுத்தும் கீழே உள்ள கையெழுத்தும் என்னுடையவையே.

(ஒப்பம்) சு. வைரவன்