பன்னிரண்டுக்குப் பூஜ்யம்

மின்விசிறி ஓடும் அறையில் கேரம் ஆடக் கூடாது. போர்டில் தூவிய பவுடர் பறந்துவிடும், காய் வழுக்காது. அஸ்தினாபுரத்தில் என் வீட்டு முன்னறைக்கு ஆட வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்கும் நிறுத்தியிருந்தேன். வேர்ப்பது புழுக்கத்தால்தான் என்று தேவானந்தமே முதலில் நினைத்தான்.

நான் சத்யநாராயணன். மாவட்டத்தில் ஆறு முறை சாம்பியன். எனக்கு அரசாங்க வேலை கிடைத்ததே இந்த விரலால்தான். 2003-லிருந்து 2006 வரை நான்கு வருடமும் மாநில இறுதியாட்டத்தில் ஆடியிருக்கிறேன். நான்கிலும் எதிரே உட்கார்ந்தவன் தேவானந்தம். குன்றத்தூர்க்காரன், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். இரட்டையரில் பதினோரு வருடம் எனக்குப் பார்ட்னர். ஒற்றையரில் நான்கு முறையும் அவன்தான் ஜெயித்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு என் தோளில் கை போட்டு, "சத்யா இல்லாங்காட்டி நான் ஏதுபா" என்பான். அந்தக் கையை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அவன் செத்தது மாரடைப்பால் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் என்னைத் தேடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், சார். மனம் வருந்தி வந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அவனுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வான். போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அதற்காகவே பையில் மிட்டாய் வைத்திருப்பான். அன்று ஞாயிற்றுக்கிழமை, இந்த வருடப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம். என் மனைவி அபிதகுஜாம்பாள் வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து மூடி வைத்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பன்னிரண்டரைக்கு அவன் ஊசி போட்டுக்கொண்டான். "ஒரே ஒரு போர்டு, அப்புறம் சாப்பிடலாம்" என்றேன். கேரம் ஆடுகிறவன் எவனும் இதற்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவன் இன்னொரு போர்டு கேட்டால் ஜெயித்தவன் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் பயந்துவிட்டான் என்று அர்த்தம். முதல் போர்டில் தோற்றேன். இன்னொன்று கேட்டேன். உட்கார்ந்தான். இரண்டாவதிலும் தோற்றேன். மூன்றாவது முடிந்தபோது, "பசிக்குதுபா, துன்னுட்டு ஆடலாமே" என்றான். "தோத்தவன் கேக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே காய்களை அடுக்கினான். அவனுக்கு ரோஷம் அதிகம்.

நான்காவதிலும் அவனே ஜெயித்தான். ஆனால் அவன் விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை போர்டில் விழுந்தது. நல்ல போர்டு, ஈரம் பட்டால் கெட்டுப்போகும். உடனே துடைத்தேன்.

"தலைய சுத்துதுபா. சட்டைப் பையில மிட்டாய் கீது, எடுத்தாந்து குடு" என்றான். ஆடும்போது நாங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். "இந்த போர்டு முடியட்டும்" என்றேன். ஐந்தாவது போர்டைத் தொடங்கும் முறை என்னுடையது.

கொஞ்சம் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடியிலேயே வெள்ளை விழுந்தது. அப்புறம் என் கை நிற்கவே இல்லை. ஒன்பது வெள்ளையும் ரெட்டும் ஒரே மூச்சில் போட்டேன். எதிராளிக்கு முறையே கொடுக்காமல் போர்டை முடித்தால் அதற்கு ஸ்லாம் என்று பெயர். அவன் கறுப்பு ஒன்பதும் அப்படியே மிச்சம், ரெட்டுக்கு மூன்று, மொத்தம் எனக்குப் பன்னிரண்டு புள்ளி. தேவானந்தத்திடம் ஸ்லாம் எடுத்தவன் இந்த மாநிலத்திலேயே கிடையாது.

நிமிர்ந்து பார்த்தபோது அவன் நாற்காலியில் சரிந்திருந்தான். பாயில் படுக்க வைத்தேன். காய்களைப் பெட்டியில் போட்டேன். சாப்பிட்டேன். ஐந்து மணிக்குத்தான் ஆட்டோ கூப்பிட்டேன்.

அவன் மனைவி கிளியம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, துன்னுட்டுதான் போனாரா? பசி தாங்கமாட்டாருண்ணா." சாப்பிட்டான் என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அது மட்டும் உறுத்துகிறது.

பதினாறாம் நாள் கேரம் சங்கத்தில் இரங்கல் கூட்டம். இனி மாநிலக் கோப்பைக்கே தேவானந்தம் பெயராம். என்னைப் பேசச் சொன்னார்கள். ஸ்லாமைச் சொன்னேன். செயலாளர் ரவி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "செத்துப்போனவர் கூட ஆடுன ஆட்டத்தெல்லாம் இப்ப எதுக்கு சார்? யாரு பாத்தாங்க?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நேராக இங்கே வந்துவிட்டேன்.

மிச்சத்தையும் எழுதுங்கள். அந்த நான்கு போர்டையும் வேண்டுமென்றே தோற்றேன். தோற்றால்தானே இன்னொன்று கேட்க முடியும்? மிட்டாய் அவன் சட்டையில் இல்லை. ஊசி போட்டுவிட்டு அவன் கை கழுவப் போனபோதே எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கொன்றது நான்தான். தூக்கில் போட்டாலும் சரி, ஆயுளுக்கும் உள்ளே வைத்தாலும் சரி. ஆனால் ஆட்டத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று எழுதுங்கள். யார் பார்த்தது என்று கேட்டால் தேவானந்தம் பார்த்தான் என்று போடுங்கள். ரெட் விழும்வரை அவன் கண் திறந்துதான் இருந்தது.