முகம் திருப்பிய சொல்

அண்ணி — கைக்கு மூணு தரம் சோப்பு, ஒரு தரம் எலுமிச்சைத் தோல், அப்புறம் நேரா ஜன்னலோர முக்காலி. மூணு வருஷமா எல்லாச் சனிக்கிழமையும் இதே ஒழுங்குதான், தம்பி. மேசைக்கிட்ட வந்து உக்காந்தா என்ன?

கொழுந்தன் — இங்க காத்து வருது, அண்ணி.

அண்ணி — அந்த ஜன்னல் மழையில ஊறி இறுகிப்போய் ரெண்டு வருஷமாச்சு. யாராலயும் திறக்க முடியல.

கொழுந்தன் — …வெளிச்சம் வருது.

அண்ணி — சரி சரி. என் அகராதி திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். நீங்க அச்சுப்படியை உரக்க வாசிங்க. நான் கையெழுத்துப் படியோட ஒத்துப் பாக்குறேன்.

கொழுந்தன் — ‘ப்தெலுக்மா. வேதாகமத்தில் வரும் கிரேக்கச் சொல். பொருள்: அருவருப்பு. மூலம்…’ அண்ணி, இதை அச்சுல போடத்தான் போறீங்களா?

அண்ணி — ஏன்?

கொழுந்தன் — ‘ஓசையின்றி வயிற்றுக் காற்றை வெளிவிடுதல்’னு இருக்கே. போதகர் பாத்தா?

அண்ணி — பாக்கட்டும். அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறாங்க… சிரிக்காதீங்க, தம்பி. நாத்தத்துல பொறந்த சொல்லுதான் வளர்ந்து, விக்கிரகத்தையும் கள்ளத் தராசையும் கண்டிக்கிற அளவுக்கு வந்திருக்கு.

கொழுந்தன் — மூக்குல தொடங்கி மனசுக்குப் போயிருக்கு. அப்போ அது எங்க தோல் தொழிலோட சொல்லு.

அண்ணி — எப்படி?

கொழுந்தன் — கிடங்குக்கு வர்ற ஒவ்வொரு தோலையும் முதல்ல மோந்து பாக்குறது நான்தானே? பச்சைத் தோல் எல்லாமே நாறும், அது குத்தமில்ல. அழுக ஆரம்பிச்ச தோலுக்கு வேற வாசனை. பாத்தா நல்லாத்தான் இருக்கும். கட்டைவிரலால தேய்ச்சா முடி கையோட வந்துடும். முதலாளியே என் மூக்கைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அண்ணி — அடேயப்பா, பெருமை தாங்கல.

கொழுந்தன் — பெருமைதான். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு அழுகல் என்னைத் தாண்டிப் போனதில்ல.

அண்ணி — மூக்கு இருக்கட்டும். நாக்கு வேலை செய்யட்டும், மேல வாசிங்க.

கொழுந்தன் — ‘பயன்படும் இடங்கள்: பொய்த் தராசு, விக்கிரகம்.’ அடுத்த சொல்லு…

அண்ணி — நில்லுங்க. ஒரு வரி விட்டுட்டீங்க.

கொழுந்தன் — விட்டுட்டேனா?

அண்ணி — எழுநூறு பக்கத்துல ஒரு புள்ளி விடாதவர், ஒரு வரியையே…

கொழுந்தன் — கண்ணு களைச்சுப்போச்சு.

அண்ணி — வாசிங்க, தம்பி.

கொழுந்தன் — …‘எடுத்துக்காட்டு: தோல் வேலை செய்பவன் உள்ளே வந்ததும் விருந்தினர் முகம் திருப்பிக்கொண்டனர்.’

அண்ணி — அது நான் எழுதின வரிதான்.

கொழுந்தன் — இருக்கட்டும், அண்ணி. மூலத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

அண்ணி — பொருந்தல. நாறுறது குத்தமில்லன்னு இப்பதானே சொன்னீங்க? அது என் மக பட்டம் வாங்கின விருந்து. கிடங்குலேர்ந்து நேரா வந்தீங்க, கையில அவளுக்கு ஒரு தோல்பை. அன்னைக்குப் போய் அந்த முக்காலியில உக்காந்தவர்தான்.

கொழுந்தன் — பழைய கதை.

அண்ணி — பழைய பொய். சிவப்புப் பேனா உங்ககிட்டதானே இருக்கு? ‘விருந்தினர்’ங்கறதை அடிங்க.

கொழுந்தன் — அடிச்சிட்டு?

அண்ணி — ‘வீட்டுக்காரி முகம் திருப்பிக்கொண்டாள்’னு எழுதுங்க. முதல்ல திரும்பினது என் முகம். என்னைப் பாத்துத்தான் மத்தவங்க திரும்பினாங்க. நான் பழியை அவங்க மேல போட்டு எழுதிட்டேன்.

கொழுந்தன் — அண்ணி…

அண்ணி — இன்னும் முடியல. கடைசில ‘அருவருப்பு அவளுடையது’ன்னு சேருங்க.

கொழுந்தன் — அச்சுல வருமே. எல்லாரும் வாசிப்பாங்க.

அண்ணி — வாசிக்கத்தானே அகராதி? அட்டையில என் பேருக்குக் கீழே உங்க பேரும் வருது, அதையும் வாசிக்கட்டும். முக்காலியைத் தூக்கிட்டு மேசைக்கு வாங்க. மூணு வருஷமா இதை உங்ககிட்ட மறைச்சு வச்சதுக்கு என்னை மன்னிச்சிருங்க.

கொழுந்தன் — எங்க மறைச்சீங்க? அன்னைக்குக் கதவுக்கு எதிர்ல நிலைக்கண்ணாடி இருந்துச்சு, எல்லார் முகமும் அதுல தெரிஞ்சுது. யார் முகம் முதல்ல திரும்புச்சுன்னு அப்பவே பாத்துட்டேன். வீட்டுக்குப் போய் ராவெல்லாம் யோசிச்சேன், அடுத்த சனிக்கிழமை வந்துட்டேன். உங்ககிட்ட அழுகல் வாசனை வரல, அண்ணி. என் மூக்கு தப்பினதே இல்ல.