நூத்தித் தொண்ணூறு மீட்டர்

— அந்தக் கை இல்ல ஹெலனு. சட்டைக் கைய இழுத்து வுட்டு மூடிக்கினு இருக்கியே, அந்தக் கையக் காட்டு.

— வாட்சு கங்கம்மாக்கா. மணி பாக்கறதுக்கு.

— மணி பாக்கற வாட்சுதான் எங்க ஊட்டுக்காரரும் கட்டிக்கினு இருக்காரு. அது இப்பிடிப் பச்சையா மினுக்கறதில்ல. பின்னாடி நிக்கிறவங்கள்லாம் போனப் பொட்டியில போட்டுட்டு டோக்கன் வாங்கிக்கினு போங்கம்மா, ஆறு மணி சங்கு ஊதிடுவான். ஹெலனு, நீ மட்டும் இப்பிடி ஓரமா வா.

— நானும் போனப் போட்டுட்டேன்கா. இந்தா டோக்கன். மீஞ்சூர்லேர்ந்து நாலே முக்கா யூனிட் ரயிலப் புடிச்சி ஓடியாரேன், என்னப் புடிச்சி நிக்க வைக்கிறியே.

— நானா வைக்கிறேன்? பர்சனல் ஆபீசு பூவராகவன் சாரு விடியும்போதே வாக்கி டாக்கியில கத்துறாரு. ‘ஸ்கிராப் யார்டு ஹெலன் கையில ஒண்ணு கட்டிக்கினு வரும், கேட்டுலயே கழட்டி வாங்கிடு’ன்னு. எனக்கு இன்னாத்துக்கு மே வம்பு? கழட்டு.

— கழட்ட மாட்டேன். செக்யூரிட்டி நீதானே? உன் தலைக்கு மேல தொங்குதே போர்டு, அத நீயே படி.

— செல்போன், கேமரா, பென் டிரைவ், பீடி, தீப்பெட்டி உள்ளே கொண்டு செல்லக் கூடாது.

— வாட்சு எங்க?

— எழுதல. பாம்புன்னுகூடத்தான் எழுதல. புடிச்சாருவியா?

— யார்டுல இருக்கறது பத்தாதா, நான் வேற எடுத்தாரணுமா?

— சிரிப்பு காட்டாத மே. அதுவும் செல்போன் மாதிரிதானாமே. சாட்லைட்டுல பேசுதாமே.

— பேசாதுக்கா, சாட்லைட்டு சொல்றதக் கேட்டுக்கும். அவ்ளோதான். இதுல சிம்மு கெடையாது, கேமரா கெடையாது. நாம நடக்கிற வழியக் கோடு போட்டு, எத்தினி மீட்டர்னு சொல்லும். என் பொண்ணு ஏஞ்சலின் காலேஜு ஓட்டத்துல ஜெயிச்சதுக்குக் குடுத்தாங்க. இதக் கட்டிக்கினுதான் தெனம் காலையில ஏரியச் சுத்தி ஓடுது.

— ஓடறதெல்லாம் செல்போன்லயே வருதே! எங்க தெருப் புள்ளைங்க கையில புடிச்சிக்கினே ஓடுதுங்க.

— என் பொண்ணும் அப்பிடித்தான் ஓடிக்கினு இருந்துச்சி. ஆனா அந்தப் போனு இருக்குதே, சார்ஜ மிச்சம் புடிக்கிறேன்னு நடுவுல தூங்கிப் பூடும். முழிச்சிக்கினதும், தூங்குன எடத்துக்கும் முழிச்ச எடத்துக்கும் நேரா ஒரு கோடு. ஏரியச் சுத்தி ஓடுனது, ஏரித் தண்ணி மேலயே நடந்த மாதிரி காட்டும்.

— உங்க ஏசு மாதிரியா?

— பாஸ்டர்கிட்ட போய்க் காட்டுடின்னு நானே சொன்னேன். வாட்சுகிட்ட அந்த வேல நடக்காது. கால் போன வழிதான் போடும்.

— சரி, ஓடறது உன் பொண்ணு. இரும்பு பொறுக்கறவ உனக்கு இன்னாத்துக்கு?

— பொம்பளைங்க பதினாலு பேரும் மனு குடுத்தோமே, யார்டு பக்கத்துல ஒரு பாத்ரூம் கட்டிக் குடுங்கன்னு. அதுக்குப் பதில் வந்துச்சி. ‘இப்போதுள்ள பாத்ரூம் நூற்றுத் தொண்ணூறு மீட்டர் தூரமே. செல்போனில் அளக்கப்பட்டது. தேவையில்லை.’ கீழ பூவராகவன் சார் கையெழுத்து.

— நூத்தித் தொண்ணூறா? யார்டுலேர்ந்து கேன்டீன் பின்னாடிக்கா?

— சீட்டுல உக்காந்துகினே, போன்ல மேப்பத் தொறந்து, யார்டு மேல ஒரு விரலு, பாத்ரூம் மேல ஒரு விரலு. அந்தக் கோடு எது வழியாப் போவுது தெரியுமா? பர்னசு வழியா!

— அய்யோ நைனா!

— நேராவே கேட்டேன். சார், இரும்பு காய்ச்சற எடத்துல பூந்து போனா எங்களுக்கு வழியிலயே ஆவியாயிடும், அப்பறம் பாத்ரூமே வேணாமேன்னு.

— உன் வாயி இருக்குதே வாயி!

— வாயாலதான் இம்மா நாளு சொன்னோம். பர்னசு ஷெட்டச் சுத்தி, லாரி எடை போடற மேடையச் சுத்திப் போறோம்னு. அடி எண்ணிச் சொன்னோம். கால் கணக்கெல்லாம் செல்லாதாம். போன்ல அளக்கலாம்னா, அது உன் பொட்டிக்குள்ள கெடக்குது. இன்னிக்கி மூணு மணிக்குக் குறை கேக்கற கூட்டம். இத வுட்டா அடுத்தது மூணு மாசம் கழிச்சி.

— நேத்துகூட கட்டிக்கினு போனியாமே. அத எடுத்துக் காட்டு.

— நேத்து யார்டு ஷெட்டுக்குள்ள நின்னு அழுத்திட்டேன்கா. மேல பூரா தகரம். வானம் தெரிஞ்சாத்தான் இதுக்கு வழி தெரியுமாம். ஒரு கோடும் வுழல. சூப்பர்வைசரு பாத்துட்டுப் போட்டுக் குடுத்துட்டாரு.

— அதான் சொல்றேன், பேஜாரு புடிச்ச வேல இது. பத்து நிமிசம் வுடறாங்க இல்ல? போயிட்டு வந்தமா, வேலயப் பாத்தமான்னு இரு.

— போயி வரவே பதினஞ்சு நிமிசம் ஆவுது. லேட்டா வந்தா பேர எழுதறான். அதுக்குப் பயந்து முத்தம்மா தண்ணியே குடிக்காம, கிட்னியில கல்லு வந்து ஆஸ்பத்திரியில கெடக்கறா.

— அதுக்குன்னு தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?

— நீ குடிக்கிறியாக்கா?

— என்ன ஏன் இழுக்கிற?

— உன் டேபிள் மேல பாட்டிலு. நான் வரச்சொல்லயும் ரொம்பி இருக்குது. ரெண்டு மணிக்குப் போவச்சொல்லயும் ரொம்பித்தான் இருக்குது. உன்கூட நிக்கிற ஆம்பளைங்களுக்குச் செவுரு இருக்குது. உனக்கு இன்னா இருக்குது?

— பேச்ச மாத்தாத ஹெலனு. டூட்டின்னா டூட்டி. நான் ஏஜென்சி ஆளு, நாளைக்கே வராதன்னா ஊட்ல உக்கார வேண்டியதுதான்.

— அப்ப எழுதிக் குடு. போர்டுல இல்லாத பொருள இன்னிக்கி கேட்டுல வாங்கி வச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. கூட்டத்துல அதையே காட்டறேன்.

— கங்கம்மா, பூவராகவன் பேசறேன். கேக்குதா? ஓவர்.

— கேக்குது சார்.

— அந்த ஹெலன் வந்தாச்சா? வாட்ச் கழட்டியாச்சா? ஓவர்.

— ஒரு நிமிசம் சார். குடு மே.

— மாட்டேன்கா.

— குடுன்றேன். பதினோரு வருசமா உன் போனு என் பொட்டியிலதானே கெடக்குது? ஒரு நாளு காணாமப் போச்சா? குடு.

— இந்தா. நீயும் அவுங்க ஆளுதான்.

— கழட்டியாச்சு சார்.

— குட். இப்ப அவ கையில எதுவும் இல்லையே? ஓவர்.

— அவ கையில ஒண்ணும் இல்ல சார்.

— சரி. ஒன்பது மணி ரவுண்ட்ஸ்ல யார்டுப் பக்கம் நீயே போய் ஒரு கண்ணு வை. ஓவர்.

— போறேன் சார். யார்டுலேர்ந்து கேன்டீன் பின்னாடி வரைக்கும் நடந்தே பாத்துட்டு வரேன் சார்.

— அக்கா, பொட்டியில போடாம உன் கையில ஏன் கட்டற?

— கேட்டுல எல்லாரையும் தடவிப் பாக்கறவ நானு. என்னத் தடவிப் பாக்க எவ இருக்கா? மூணு மணிக்குக் கூட்டத்து வாசல்லயும் எனக்குத்தான் டூட்டி, அங்க உன் கையில குடுத்துடறேன். வானம் தெரியற எடத்துல நின்னு எந்தப் பட்டன அழுத்தணும், அதச் சொல்லு. அப்பிடியே அந்தத் தண்ணி பாட்டில எடு மே, முழுசாக் குடிச்சிட்டுத்தான் நடக்கப் போறேன்.