ஐம்பத்தஞ்சு கிலோ

— அந்தக் கபடிக் கோப்பையக் கட்டில் மேல வைக்காதடா மூஸா. நர்ஸ் அக்கா பார்த்தா திட்டும்.

— திட்டட்டும் தொரை. மூணு நாளா இதத் தூக்கிட்டு அலையுறேன், ஒருத்தன் ஏறெடுத்துப் பார்க்கல. நீயாவது பாரு. ஃபைனல்ல கடைசி ரைடு நான்தான் போனேன். ரெண்டு பேரைத் தொட்டுட்டு கோட்டுக்கு வந்துட்டேன்.

— சரி விடு, கேள்விப்பட்டேன். சூப்பர்டா.

— கேள்விதான் பட்ட. நீதான் செமி ஃபைனல்லயே மண்ணுல விழுந்துட்டியே. நம்ம ஊருக் கூட்டம் மொத்தமும் உன் ஆம்புலன்சு பின்னாடி ஓடிடுச்சு. நான் கோப்பை வாங்குறப்ப கை தட்டுனது யாருன்னு நெனைக்கிற? மைக்செட்காரரு ஒருத்தரு. அவரும் ஒயரச் சுத்திக்கிட்டே தட்டுனாரு.

— சிரிக்க வைக்காதடா. கையில ட்ரிப்ஸ் ஊசி ஏத்தியிருக்கு, இழுக்குது.

— நான் ஒண்ணும் ஜோக்கு சொல்லல. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா வயித்தெரிச்சல்ல சொல்றேன். கோப்பை குடுக்க வந்த ஒன்றியச் செயலாளரு அத என் கையில திணிச்சிட்டு, மூஞ்சியக்கூடப் பார்க்காம கார்ல ஏறுனாரு. எங்க போனாருன்னு பார்த்தா இங்க, திருவாரூருக்கு. உன்னையப் பார்க்க. ஆப்பிள் பையோட!

— அதோ இருக்கு பாரு. நீயே எடுத்துட்டுப் போ.

— ஒண்ணுகூடத் தொடலியா?

— அப்புறம் திங்கிறேன். அம்மா மாத்திரை வாங்கக் கீழ போயிருக்கு. வர்றதுக்குள்ள அந்தத் தூக்குவாளியில இருக்கிற கஞ்சி காலியாகணுமாம். அதுவே மலைப்பா இருக்கு.

— குடிச்சிட வேண்டியதுதானே? சரி, இதக் கேளு. கேஸ் கிணறு எதிர்ப்புப் போராட்டப் பந்தல்ல உனக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க. எட்டடி. 'வயலைக் காக்க வயிற்றைக் காயப்போட்ட மாணவன்'னு. பந்தல்ல உண்ணாவிரதம் இருந்துதான் நீ மயங்கிட்டன்னு ஊரே நம்புது. உங்கப்பா மைக்கப் புடிச்சிக்கிட்டு, 'எம்புள்ள என் நெலத்துக்காக உசுரக் குடுக்கத் துணிஞ்சிட்டான்'னு அழுவுறாரு.

— என்ன போட்டோ போட்டிருக்காங்க?

— ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தமே, அது.

— அய்யய்யோ! அது வேணாம்டா. அதுல கன்னம் உப்பியிருக்கும். தவிட்டு மூட்டை மாதிரி இருப்பேன். அவுக்கச் சொல்லு மூஸா.

— எட்டடி ஃப்ளெக்ஸ்டா தொரை! எனக்கு ஒரு நோட்டீசுல பொடி எழுத்துல பேரு போட்டிருந்தாக்கூட நான் அதை மடிச்சு வச்சிருப்பேன்.

— உனக்குப் புரியாது. போறவன் வர்றவன்லாம் பார்ப்பான். அவுக்கச் சொல்லு.

— எனக்குப் புரியாதுதான். பந்தல்ல ஆளுக்கு ஒரு நாள் முறை. நீ மட்டும் எல்லாரு முறையையும் கேட்டு வாங்கி உக்காந்த. 'அப்பனுக்கு ஏத்த புள்ள'ன்னு பேரு வாங்குன. அது போதாதுன்னு எங்க நோம்புக்கும் வந்த. 'மூஸாவோட நானும் நோம்பு வைக்கிறேன் அத்தா'ன்னு சொன்னப்ப எங்கத்தா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என்னைக்காவது என்னையப் பார்த்து அவருக்குக் கண்ணு கலங்கியிருக்கா?

— அவரு உன்னைய நல்லாத்தான்டா பேசுவாரு.

— நீ கேட்டியா? நான் பம்புசெட்டுல ஒளிஞ்சு தண்ணி குடிச்சது தெரிஞ்ச அன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'தொரை நம்ம மார்க்கமே இல்ல, அவன் முப்பது நோம்பும் வச்சான். நீயும் இருக்கியே'ன்னாரு. உம்மா முன்னாடி. தங்கச்சி முன்னாடி.

— சரி விடு மூஸா.

— விட முடியலடா. எங்க தவிட்டுக்கடைக்கு லாரி வந்து நின்னா, அத்தா 'தொரையக் கூப்புடு'ம்பாரு. நீ புண்ணாக்கு மூட்டைய ஒத்த ஆளாத் தூக்கித் தோள்ல போடுவ. அவரு கல்லாவுல உக்காந்துக்கிட்டு, 'உடம்புன்னா இது உடம்பு. நீ வெத்தலைக் கொடி மாதிரி ஆடுற'ம்பாரு. டீமுலயும் அப்படித்தான். மொத ரைடு தொரை, ரெண்டாவது ரைடு தொரை. நான் எந்நேரமும் பெஞ்சுல ஜெர்சியப் போட்டுக்கிட்டு எல்லாரு செருப்புக்கும் காவல்.

— ஃபைனல்ல ஜெயிச்சது நீதானே? மொதல்லேந்து நீதான் ரைடு போயிருக்கணும். நான் கேப்டன்கிட்டயே சொல்றேன்.

— இப்படிப் பேசாதடா! நல்லவனாவே இருக்காத! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது.

— என்னடா ஆச்சு உனக்கு? எதுக்கு அழுவுற?

— தொரை, ஒண்ணு சொல்லுவேன். சொன்னப்புறம் நீ என்னைய என்ன வேணா பண்ணு.

— சொல்லு.

— ஆட்டம் அம்பத்தஞ்சு கிலோ பிரிவுன்னு தெரிஞ்சதுலேந்து தினம் சாயங்காலம் எங்க தவிட்டுக்கடைத் தராசுல ஏறி எடை பார்ப்பியே. நான் பின்னாடி நிப்பேன்ல?

— ஆமா.

— கால் கட்டை விரலால பலகைய அமுக்குவேன். மூணு கிலோ ஏறும். சில நாள் நாலு. நீ அம்பத்தெட்டு இருப்ப, அறுபத்தொண்ணு காட்டும். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு, உரச்சாக்கு பாலிதீனை உடம்புல சுத்திக்கிட்டு, தண்ணி வராத வெண்ணாத்து மணல்ல உச்சி வெயில்ல ஓடுவ. எச்சியத் துப்பித் துப்பி ஓடுவ. நான் கரையில சைக்கிள்ல உக்காந்து பார்ப்பேன்.

— ம்.

— நீ சாவணும்னு நெனைக்கலடா. 'எடை குறைய மாட்டேங்குது, நான் வரல, மூஸாவ எறக்குங்க'ன்னு நீயே சொல்லிடுவன்னு நெனைச்சேன். அவ்ளோதான். நீ சொல்லவே இல்ல. முந்தின நாள் எங்க கடையில அம்பத்தஞ்சு. ஆட்டத்துல தராசுல ஏத்துனா அம்பத்தொண்ணு! நடுவரு ரெண்டு தடவ எறக்கி ஏத்துனாரு. ஒரு அறையாவது விடு.

— எனக்குத் தெரியும் மூஸா.

— என்ன தெரியும்?

— உன் விரலு. ரெண்டாவது நாளே தெரியும். உங்க கடை அலமாரிக் கண்ணாடியில காலு தெரிஞ்சுது.

— பொய் சொல்லாத.

— எடது காலு. நகம் கறுத்திருக்கும்.

— தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்த?

— எனக்கு அது வசதியாப் போச்சு. நெஜ எடையச் சொன்னா, 'வந்துடுச்சு, போதும், சோத்தத் தின்னு'ம்பாங்க. நீ அமுக்குற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. இன்னும் மூணு கிலோ இருக்குன்னு சொல்லிக்கலாம். பந்தல்ல உக்காந்தாலும் கேக்க மாட்டாங்க. நோம்பு வச்சாலும் கேக்க மாட்டாங்க. கையெடுத்துல்ல கும்பிட்டாங்க!

— கபடிக்காகத்தானே கொறைச்ச?

— கபடிக்குன்னுதான் ஆரம்பிச்சேன். அம்பத்தஞ்சு வந்துச்சு, அது பத்தல. அம்பத்திமூணு வந்துச்சு, அதுவும் பத்தல. மூஸா, நான் ஏழாவதுலேந்து பனியனோடதான் வாய்க்கால்ல குளிக்கிறேன். கவனிச்சிருக்கியா?

— இல்ல.

— எப்புடிக் கவனிப்ப? நீ சட்டையக் கழட்டி மதகு மேல வீசிட்டு ஒரே குதியா குதிப்ப. வயிறுன்னு ஒண்ணு இருக்காது. பொண்ணுங்க பாலத்துல நின்னு பார்க்கும். நான் கரையிலயே துணி தோய்க்கிற மாதிரி உக்காந்திருப்பேன். உன்னையப் பார்த்து எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? உனக்கு என் மேல இருந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல.

— என் மேலயா? இந்த வெத்தலைக் கொடி மேலயா? அடப்பாவி!

— இந்தா, இங்க புடிச்சுப் பாரு, வயித்துல. இன்னும் கையில வருது.

— அது தோலுடா தொரை. வெறும் தோலு.

— எல்லாரும் அதான் சொல்றாங்க. நாப்பத்தொம்பதாம் இப்ப. நாப்பத்தஞ்சு ஆயிட்டா சரியாயிடும்.

— பைத்தியமாடா நீ? டாக்டர் என்ன சொன்னாரு?

— உப்புச்சத்து எறங்கிப் போச்சாம். நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம். அடுத்த தடவ விழுந்தா எந்திரிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னாரு. மூஸா, மாடிப்படியில அம்மா செருப்புச் சத்தம் கேக்குது. அந்தக் கஞ்சிய நீ குடிச்சிடு.

— என்னது?

— நேத்து வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய ஊத்தினேன். இன்னைக்கு நாள் முழுக்க ட்ரிப்ஸ் ஏத்துறாங்க, எந்திரிக்க முடியல. சீக்கிரம்.

— முடியாதுடா.

— குடிக்கலன்னா உன் விரல் கதைய இப்பவே அம்மாகிட்ட சொல்லுவேன். பந்தல்ல தெரியும். உங்கத்தா காதுக்குப் போவும். கடைப்பக்கம் நீ நிக்க முடியாது.

— தொரை, வேணாம்டா.

— நான் இத்தனை நாள் சொல்லாம இருந்தேன்ல? குடி. ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம். குடிடா!

— யாரு, மூஸாத் தம்பியா? எப்பய்யா வந்த? இந்த மாத்திரைக் கடையில ஒரே கூட்டம், காலு கடுத்துப் போச்சு. எங்க சாமி, தூக்குவாளிய எடு பார்ப்போம். அட, வழிச்சு வச்ச மாதிரி காலியா இருக்கே! தொரை, நீயா சாமி குடிச்ச?

— ஆமாம்மா. மூஸாதான் ஊட்டிவிட்டான்.

— எஞ்சாமி! இன்னைக்குக் காலையிலேந்து நான் கெஞ்சியும் ஒரு மொடக்கு எறங்கல. உன் கைக்கு எறங்கிடுச்சு பாரு. நீதான்யா புள்ள. உங்கத்தா குடுத்து வச்சவரு, நாளைக்கே கடைக்குப் போயி அவருகிட்டயே சொல்றேன், உம்மவன் மாதிரி ஒரு புள்ள இந்த ஊருல இல்லன்னு. ஏன்யா தல குனிஞ்சு நிக்கிற?

— அம்மா, அந்தக் கஞ்சியக் குடிச்சது நான். இவன் வந்த நாள்லேந்து ஒரு வாய் தின்னல. ஏன் எங்கிட்டக் குடிக்கச் சொன்னான்னு எல்லாத்தையும் சொல்றேன், மொதல்ல ஓடிப்போயி டாக்டரக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் என்னைய அடிங்க.