நடைமேடையில் உட்கார்ந்திருந்தவர்

எல்லா விளக்கையும் அணைக்க வேண்டாம்... அந்த ஒன்று எரியட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வித்யா இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்லலாம். இது அவளுடைய சித்தப்பா முத்துராமனுக்கு நடந்தது.

மாலை ஏழு மணி இருக்கும். கிராஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் போக வேண்டிய இடத்துக்கு ஒரே நீளச் சாலை. ஒரு பக்கம் செடிப் பண்ணை. மறு பக்கம் தகர வேலி. ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போனது... அதன் பிறகு ஆளில்லை. மழை விட்டிருந்தது. ஈர மண், சாண உரம், தவளைச் சத்தம். சாலையின் கோடியில் ஒரு பழைய கிடங்கு. அதில் ஓர் அறையை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார்.

எதற்கு? பொம்மை ரயிலுக்கு. அறை முழுக்க ஒரே மேசை. அதன் மேல் தண்டவாளம், குன்று, சுரங்கம், ஒரு சின்ன ஸ்டேஷன், அதில் விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய மனிதர்கள். உட்லண்ட்ஸ் வீட்டில் இதை வைக்க மனைவி பஞ்சவர்ணம் இடம் தரவில்லை.

முத்துராமனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. ரயிலில் கம்பியைப் பிடித்துவிட்டால் இறங்கும்வரை கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அடுத்தவர் வியர்வை, எச்சில், தட்டில் ஒரு தலைமுடி... எதுவும் ஆகாது. மூத்த அண்ணன் மருதப்பனோடு பேச்சு நின்றதே அதனால்தான். வித்யாவின் கல்யாணத்துக்கு மருதப்பன் குடித்துவிட்டு வந்தார். மணவறைக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தார். அது தம்பியின் பட்டு வேட்டியில், பாதத்தில், கால்விரல் இடுக்கில் எல்லாம் விழுந்தது. இனி என் கண்ணிலேயே படாதே என்று முத்துராமன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வருஷம், அண்ணன் படவில்லை. கல்யாணம் ஆகாத மனிதர். கேலாங்கில் ஓரறை வாடகை வீட்டில் தனியாகக் கிடந்தார்.

அன்றைக்கு முத்துராமன் பையில் புதிதாக வாங்கிய கேமராக்கள் இருந்தன. மூக்குத்தித் திருகு அளவுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். ஒன்றை எஞ்சின் முகப்பில் ஒட்டினார். இன்னொன்றைக் கடைசிப் பெட்டியின் பின்னால். கைத்தொலைபேசியில் படம் வரும். ஓட்டுநர் இருக்கையில் நாமே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ரயிலைக் கிளப்பினார். மரங்கள் பெரிதாக வந்து கடந்து போயின. சுரங்கம்... இருட்டு... வெளிச்சம். சிரித்துக்கொண்டே பார்த்தார். ஸ்டேஷன் வந்தது. நடைமேடை பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒரு பொம்மை. அவரே சாயம் பூசிய பொம்மை. படத்தில் அதன் முகம் கறுத்து உப்பியிருந்தது.

சாயம் வழிந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். இல்லை. பொம்மை சுத்தமாக இருந்தது.

அடுத்த சுற்று. படத்தில் அந்த ஆளின் வயிறு ஊதிச் சட்டைப் பொத்தான்களை இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பச்சை நரம்புகள். உதட்டுக்கு வெளியே நாக்கு, கத்தரிக்காய் நிறத்தில்.

மறுபடியும் குனிந்தார். வெறும் பிளாஸ்டிக்.

மூன்றாவது சுற்றில் பெஞ்சிலிருந்து ஏதோ சொட்டியது. கெட்டியாக... பழுப்பாக. சட்டைக்குள் எதுவோ நெளிந்தது. மூக்குத் துளையிலிருந்து ஓர் ஈ வெளியே வந்து, காலைத் தேய்த்துக்கொண்டு, திரும்ப உள்ளே போனது. ரயில் கடந்த பிறகு பின்பக்கக் கேமராவில் தலையின் இடப்பக்கம் தெரிந்தது. காதின் கீழ்நுனி இல்லை.

மருதப்பனைச் சின்ன வயதில் நாய் கடித்தது அந்தக் காதில்தான்.

அப்போதுதான் வாடை வந்தது. மின்சாரம் போன ஃப்ரிட்ஜில் மறந்துபோன இறாலின் வாடை... அதோடு ஒரு தித்திப்பு. கேமராக் கண்ணாடியில் ஒரு பிசுக்குத் துளி. துடைத்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டன. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகத்தடியில் வாடை போகவில்லை. மூலையில் போய் வாந்தி எடுத்தார்.

அண்ணனுக்குத் தொலைபேசி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. டாக்சி பிடித்து நேரே கேலாங் போனார். வழியெல்லாம் வேண்டுதல். கதவைத் தட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார்.

கதவு ஒருக்களித்துத் திறந்தது. மருதப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"வா தம்பி. சாப்ட்டியா?"

முத்துராமன் உள்ளே போக அடியெடுத்தார். அண்ணன் வழி விடவில்லை.

"உள்ள வராத. ரொம்ப அசிங்கமா கெடக்கு. நீ தாங்க மாட்ட."

"அப்ப எங்க வீட்டுக்கு வந்துருங்கண்ணே. இங்க வேணாம்."

மருதப்பன் உடுத்திய துணியோடு வெளியே வந்து கதவைச் சாத்தினார். திரும்பும் வழியில் டாக்சிக்காரர் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

வீட்டில் பஞ்சவர்ணம் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே சோறு போட்டார். மருதப்பன் ஆசையாகச் சாப்பிட்டார், ஆனால் மெல்லவில்லை. வாயில் போடுவார், தலையை அண்ணாந்து விழுங்குவார். தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாள் காலையில் மெத்தையில் ஆள் படுத்த வடிவத்தில் ஒரு மஞ்சள் ஈரம் இருந்தது. குளியலறையில் தண்ணீர் போகவில்லை. முத்துராமன் தரைத் துளையின் மூடியைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டார். கொத்தாக முடி வந்தது. முடியோடு வெள்ளையாக, வழுவழுவென்று, ஊறிய அப்பளம் போல ஏதோ வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. ஒரு வேட்டிக்காக அண்ணனை இரண்டு வருஷம் தூக்கி எறிந்தவன் நான் என்ற எண்ணம் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் வாசலில் நின்று பார்த்தார். அழுதுகொண்டே சொன்னார்: "என்னால முடியலங்க. டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நானே கழுவுறேன். எங்க அண்ணன் லா."

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டபோது மருதப்பன் தலையசைத்து மறுத்தார். எழுப்பிவிட அவர் கையைப் பிடித்தார் முத்துராமன். பிடித்த இடத்தில் தோல் வழுக்கி நகர்ந்தது... பெரிய அளவில் வாங்கிய கையுறை நகருமே, அப்படி. முத்துராமன் கையை விடவில்லை. மெதுவாகக் குளியலறை வரை நடத்திக்கொண்டு போய் விட்டார். கதவு மூடியது. குழாய்ச் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. போலீஸ் அதிகாரி, பெயர் நஸீஹா. தமிழிலேயே பேசினார். மருதப்பன் உங்களுக்கு யார் என்று கேட்டார். அண்ணன் என்றார் முத்துராமன். அவருடைய வீட்டிலிருந்து வாடை வருவதாக அக்கம்பக்கத்தார் சொன்னதாகவும், கதவை உடைத்ததாகவும், இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றும் அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னார். நீங்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றார்.

"தப்பான ஆளும்மா. எங்க அண்ணன் இங்கதான் குளிச்சிட்டிருக்காரு."

நஸீஹா, அவருக்கு இடது காதில் கீழ்நுனி இருக்குமா என்று கேட்டார்.

முத்துராமன் குளியலறைக் கதவைத் தட்டினார். "அண்ணே?"

"தோ... வந்துட்டேன் தம்பி," என்றது உள்ளே குரல். மருதப்பன் குரல்தான். பஞ்சவர்ணமும் கேட்டார். கதவுக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து இருவர் காலையும் நனைத்தது. கதவைத் தள்ளினார்கள். பூட்டியிருக்கவில்லை. குழாய் திறந்து கிடந்தது. ஆள் இல்லை. பத்தாவது மாடி. ஜன்னலில் ஒரு கைக்கு மேல் நுழையாது.

முத்துராமன் சவக்கிடங்குக்குப் போனார். உப்பிக் கறுத்த முகம். வெள்ளைச் சட்டை, கைலி. மூக்கை மூடாமல் பார்த்தார். அண்ணன்தான் என்று கையெழுத்துப் போட்டார். மண்டாயில் தகனம் செய்தார்கள். கிராஞ்சி அறைக்கு அவர் அதன் பிறகு போகவேயில்லை.

தகனம் முடிந்த பிறகு நஸீஹா மறுபடியும் அழைத்தார். குரலில் ஒரு தயக்கம். இறப்பில் சந்தேகம் இல்லை, இயற்கை மரணம்தான் என்றார். ஒரு விஷயம் மட்டும் உடலை அறுத்துப் பார்த்த டாக்டருக்குப் புரியவில்லையாம். உடம்பு உள்ளே முழுக்க அழுகிக் கரைந்திருந்தது. ஆனால் இரைப்பையில் நிறையச் சோறு இருந்தது. மீன் குழம்பு, முருங்கைக்காய், அவித்த முட்டை. எதுவும் மெல்லப்படவில்லை. எதுவும் கெடவும் இல்லை.

"சார்... மேல இருந்த சோறு இன்னும் சூடா இருந்துச்சாம்."