திருத்தம் எதுவும் இல்லை

திங்யான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் ரங்கூன் தெருவில் நனையாமல் அலுவலகம் போய்ச் சேர முடியாது. நான் பையில் மாற்றுச் சட்டை வைத்துக்கொள்வேன். இதையும் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் சயா, அந்த வாரம் நான் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

கடலில் ஏவுகணைச் சோதனை, குறித்த பரப்பில் யாரும் இருக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. எங்கள் கம்பெனியின் ஏழு மீன்பிடிப் படகுகள் அங்கே இருந்தன. வயர்லெஸில் கூப்பிட்டு அவற்றை விலகச் சொல்வது என் வேலை. ஏழும் கிளம்புவதாகச் சொன்னதும், 'பரப்பில் ஆள் எவரும் இல்லை' என்று படிவத்தில் எழுதி, முத்திரை வைத்து, துறைமுகத்துக்கு அனுப்பினேன்.

அரை மணி கழித்து அந்த ஏழில் ஒரு படகிலிருந்து செபாஸ்டியன் கூப்பிட்டான்.

"ஜெரால்ட் அண்ணே, இஞ்சின் நின்னுபோச்சு. அஞ்சு பேர் இருக்கோம். இழுக்க ஒரு படகு அனுப்புங்க."

அனுப்பினால் படிவத்தைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கு மேலாளர் ஊ டின் லாட் கையெழுத்திட வேண்டும். அவர் திருவிழாவுக்குத் தின்கன்ஜூன் மடத்தில் மௌன விரதம் இருந்தார். நான் போகாமல் இல்லை. இரண்டு மணி நேரம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்மூடியிருந்த அந்த முகத்தில் அவ்வளவு அமைதி. பிறரைத் தொந்தரவு செய்யக் கூசுவதை இங்கே 'ஆனாடே' என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த படகிலிருந்த சுரேந்திரன் தானே போய் இழுத்து வருவதாகச் சொன்னான். செபாஸ்டியன் இஞ்சினைச் சரிசெய்துவிட்டான் என்றேன். மற்றவர்கள் மனம் கலங்க வேண்டாமென்று ஆறு படகுகளையும் வேறு அலைவரிசைக்கு மாற்றினேன்.

மறுநாள் காற்று சரியில்லை என்று சோதனையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அப்போதாவது ஆள் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அங்கே இல்லாத படகை அங்கிருந்து எப்படி இழுத்து வருவது?

செபாஸ்டியனிடமும் இதைப் பொறுமையாக விளக்கினேன்.

"நாங்க இல்லைன்னா பேசுறது யாருண்ணே, பேயா?" என்று சிரித்தான். "சரி, பேய்க்குத் தாகம் எடுக்குது. தண்ணி தீர்ந்துபோச்சு."

வெளியே மேடை போட்டுக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரே இரைச்சல். அவனை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான்.

மூன்றாம் நாள் அவன் மனைவி மரியபுஷ்பம் தாகேதாவிலிருந்து வந்தாள். படிவத்தின் நகலைக் காட்டினேன். ஆள் எவரும் இல்லை என்ற வரியை விரல் வைத்துப் படித்தாள். "அப்ப வந்துகிட்டு இருக்காருல்ல அண்ணே?" என்றாள். தலையசைத்தேன். நிம்மதியாகப் போனாள். ஒருவருக்கு நிம்மதி தருவது சின்ன விஷயமில்லை.

நான் வயர்லெஸை அணைக்கவே இல்லை. அவன் குரல் மெலிந்தபோது சத்தத்தைக் கூட்டிவைத்தேன். நான்காம் நாள் மாலைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உறுதி செய்துகொள்ள இரண்டு முறை கூப்பிட்டேன்.

விரதம் முடிந்து வந்த ஊ டின் லாட், படிவத்தில் திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை சயா. நான்கு நாள் காத்திருந்து அதை நான் உண்மையாக்கியிருந்தேன்.