செத்தது மட்டும் நிற்கும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால லோக்கல். எதிர் சீட்டில் கண்ணாடி போட்டவன் கண்ணை மூடியபடியே சொன்னான்:

"இன்னிக்கு ஸ்கிரீன் செத்துப்போச்சுடா. நிம்மதியா இருக்கு."

பக்கத்தில் இருந்த நண்பன் சிரித்தான். "செத்ததுல இன்னாடா நிம்மதி?"

"இரும்பு உருக்குற ஃபர்னஸுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பண்றோம்ல? புரோகிராம் எல்லாம் தனித்தனி துண்டு. நடுவுல கெர்னல்னு சின்னதா ஒண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு கை வைக்க அது விடாது. ஸ்கிரீனைப் பாத்துக்குற துண்டு செத்துச்சு, சூட்டைப் பாத்துக்குறது பாட்டுக்கு ஓடிக்கினே இருந்துச்சு. செத்ததை மட்டும் எழுப்பி உட்டோம்."

"சரி, ஊத்துக்கோட்டைக்கு மாமியார் வூட்டுக்குப் போயி உன் கொழந்தையப் பாத்தியா?"

"எங்கடா? லீவு தரமாட்றாங்க. நான் ஒரு நாள் வரலைன்னா மொத்த வேலையும் நின்னுடுமாம்."